நூல் எடுக்காத மார்ச்

மார்ச் 4

எங்கள் கிடங்கில் மூட்டை தூக்குபவரின் மகளுக்கு மில்லில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. வயது பதின்மூன்று. நான் நூல் வாங்கி விற்பது அந்த மில்லில் இருந்துதான்.

தோளில் இருந்த மூட்டையை இறக்காமலே சொன்னார். "மில் விடுதியிலேயே கட்டு போட்டுட்டாங்களாம்மா. போன்ல பேச விட்டாங்க. பக்கத்துல வார்டன் நின்னுச்சு போல. நல்லா இருக்கேம்ப்பான்னு மட்டும் சொன்னா."

இந்த வயதில் எதற்கு அனுப்பினீர்கள் என்று கத்திவிட்டேன். மனைவியின் ஆபரேஷனுக்கு, மில்லுக்கு ஆள் பிடிக்கும் புரோக்கர் முன்பணம் கொடுத்தானாம். மூன்று வருடம் வேலை. முடித்தால் மொத்தமாக ஒரு தொகை, நடுவில் வந்தால் ஒன்றுமில்லை. மொத்தமாகக் கடைசியில் தருகிறேன் என்று எவன் சொன்னாலும் நான் சரக்கைக் கொடுத்ததில்லை. இந்த மனிதர் பிள்ளையைக் கொடுத்திருக்கிறார்.

மார்ச் 5

மில்லுக்குப் போனேன். சரக்கு பார்க்க என்றால் எனக்குக் கதவு திறக்கும். பெற்ற அப்பனுக்குத் திறக்காது. கிடங்குப் பக்கம் திரும்பாமல் நேராக மெஷின் ஓடும் கூடத்துக்குள் நடந்தேன்.

மெஷின்களுக்கு முன்னால் நீளமாகப் பலகை போட்டிருந்தது. எதற்கென்று முதலில் விளங்கவில்லை. அதில் ஏறி நின்றால்தான் அந்தப் பிள்ளைகளுக்குக் கை எட்டுகிறது. முடி, புருவமெல்லாம் பஞ்சு ஒட்டி, பார்க்கக் கிழவிகள். அவளும் நின்றிருந்தாள். கட்டுப் போட்ட விரல்கள் ஒதுங்கி நிற்க, மீதி விரல்களால் அறுந்த இழையைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்தாமலே துடைக்கச் சொன்னார்களாம், விரல் போனது அப்படித்தான்.

மில் முதலாளிக்கு நான் வைத்த பெயர் சிரிப்பு. எதற்கும் சிரிப்பான்.

"எல்லாம் பதினெட்டு முடிஞ்ச பிள்ளைங்கக்கா. சத்தில்ல, வளரல."

"பலகை முழுக்க நிக்குதே, ஒருத்தி கூடவா வளரல?"

"விலையைக் குறை குறைன்னு என்னைப் பிடுங்கினது யாருக்கா?"

"விலையைத்தான் குறைக்கச் சொன்னேன். ஆள் உயரத்தையா குறைக்கச் சொன்னேன்?"

அதற்கும் சிரித்தான். பல்லைத் தட்டிக் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

மார்ச் 6

அவனிடம் விலை குறைத்து வாங்கிய பில்களை எடுத்து எண்ணினேன்.

மார்ச் 9

சிரிப்பு போன் செய்தான். பெண்ணைக் கூட்டிப் போகலாமாம், முன்பணத்தையும் விட்டுவிடுவானாம். நான் பார்த்ததை வெளியே பேசக் கூடாது. வழக்கம்போல் நூல் எடுக்க வேண்டும். என் வாய்க்கு விலை வைக்கிறான்.

மூட்டைக்காரர் கும்பிட்டார். "சரின்னு சொல்லிடுங்கம்மா. எனக்கு அவ வந்தா போதும்."

சரி என்றேன். வேறென்ன சொல்வது?

மார்ச் 10

அழைத்து வந்தோம். வழியெல்லாம் அப்பா மடியில் தூக்கம். பாதி வழியில் எழுந்து, "என் சைடு யாருப்பா பாக்கறா?" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. மெஷினின் ஒரு பக்கம் ஒரு சைடு. ஒருத்தி போனால் புது ஆள் போட மாட்டார்கள். பக்கத்தில் நிற்பவள் தலையில் கட்டுவார்கள்.

"குட்டச்சிக்கு ஏற்கெனவே மூணு சைடு அத்தை. ஓடி ஓடி அவ காலு வீங்கிக் கெடக்கு."

பக்கத்து மெஷினில் நிற்கும் இந்தக் குட்டச்சிக்குப் பதினொரு வயது.

அப்படியென்றால் நான் செய்தது என்ன? ஒரு பிள்ளையை இறக்கி அந்தச் சுமையை இன்னொரு பிள்ளைமேல் ஏற்றினேன். அதற்கு என் வாயையும் விற்றேன். தூ.

மார்ச் 12

பேச்சு மாறினேன். தொழிலுக்கு வந்ததிலிருந்து இதுதான் முதல்முறை.

"வாக்கு குடுத்தீங்களேக்கா" என்றான் சிரிப்பு.

"குடுத்தேன். திருப்பி எடுத்துக்கறேன். பலகை மேல நிக்கற அத்தனை பேரும் வீட்டுக்குப் போற வரைக்கும் ஒரு மூட்டை எடுக்க மாட்டேன்."

"வேற ஆள் எடுப்பான்."

அதுதான் எனக்கும் பயம். தொழிலாளர் ஆபீஸில் புகார் கொடுத்துவிட்டு, அவனிடம் அதிகமாக நூல் எடுக்கும் இரண்டு வியாபாரிகளையும் பார்த்தேன். பெரியவர், "நமக்கெதுக்கும்மா ஊர் வம்பு" என்றார். நான் தர்மம் பேசவில்லை. இது சின்னப் பிள்ளைகள் ஓட்டிய நூல் என்று துணிக் கம்பெனிக்காரன் காதில் விழுந்தால் உங்கள் சரக்கும் திரும்பி வரும், என் சரக்கும் வரும், விழ வைக்கப் போவதே நான்தான் என்றேன். இருவரும் நிறுத்தினார்கள்.

மார்ச் 16

அதிகாரி மில்லுக்குப் போனார். பிள்ளைகளையெல்லாம் மொட்டை மாடியில் ஏற்றிப் பூட்டிவிட்டார்களாம். கீழே அவருக்கு இளநீர் கொடுத்தார்களோ, என்ன கொடுத்தார்களோ. "குறை எதுவும் இல்லை" என்று போய்விட்டார்.

நாசமாய்ப் போக.

மார்ச் 20

தறிக்காரர்கள் நூல் கேட்டு வாசலில் நிற்கிறார்கள். வேறு மில்லில் கூடின விலைக்கு வாங்கிப் பழைய விலைக்கே கொடுக்கிறேன். மூட்டைக்காரர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. தன்னால்தான் இதெல்லாம் என்று நினைக்கிறார். கூப்பிட்டுத் திட்டினேன்.

மார்ச் 27

சிரிப்பின் கிடங்கில் மூட்டை வைக்க இடமில்லை. வியாபாரிகள் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டான். இன்று சிரிக்கவில்லை. பெரிய ஆள் போட்டால் கூலி கட்டாது என்று ஆரம்பித்தான். மாலை வரை இழுத்து ஒருவழியாக முடித்தோம்.

பிள்ளைகள் எல்லாரும் நாளைக் காலை எங்கள் வண்டிகளில் வீட்டுக்குப் போகிறார்கள். உழைத்த மாதங்களுக்கான கூலி, வண்டி ஏறும் முன் அவரவர் கையில். முன்பணம் என்று எவரிடமும் யாரும் போய் நிற்கக் கூடாது. கூடத்துக்குள் நாங்கள் எந்த நேரமும் சொல்லாமல் வருவோம். நசுங்கிய விரல்களுக்கு நஷ்டஈடு தர மறுக்கிறான், அதற்கான வழக்கு தனியாக நடக்கும். என் வாய் இந்தப் பேச்சில் சேராது, பார்த்ததைப் பேசுவேன். பதிலுக்கு நாங்கள் மறுபடி நூல் எடுப்போம், கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து.