மீன் புத்தகத்தில் வான்கோழிச் சீசன்

மார்ச் 4, சனி

இமொஜீன் சுட்ட சோள ரொட்டியில் இன்றும் உப்பு இரண்டு தடவை விழுந்திருக்கிறது. கடல் தண்ணீரைச் சுட்டு வைத்தாயா என்று கேட்டேன். "பிடிக்கலன்னா காட்டுல போய் உன் வான்கோழிகிட்ட சோறு கேளு" என்றாள். ஐம்பத்தொரு வருஷக் கல்யாணம். இப்படித்தான் பேசிக்கொள்கிறோம்.

இந்தப் பேசும் பெட்டியை நான் வாங்கியது, வேட்டையில் சேவலை வரவழைக்க, பெட்டை வான்கோழி மாதிரி நான் போடும் சத்தத்தைப் பதிந்து கேட்பதற்கு. கேட்டேன். வயிற்றுவலி வந்த பூனை மாதிரி இருந்தது. பெட்டி வீணாகிறதே என்று நாள் விவரத்தை இதில் பேசி வைக்கிறேன். எழுதத் தெரிந்தவன் எழுதி வைப்பான். ஹாலிஸ் ட்ரெட்வே என்ற என் பெயரை வரையத் தெரியும். அதுவும் இமொஜீன் பழக்கிவிட்டது. வேறு ஒரு எழுத்தும் தெரியாது. இது இமொஜீன் ஒருத்திக்குத்தான் தெரியும். ஊருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

மார்ச் 11, சனி

ராய்ஸின் முடிதிருத்தும் கடையில் வழக்கம்போல எனக்கு ராஜ மரியாதை. "ஹாலிஸ் அண்ணே, வான்கோழி வேட்டை எந்த ஊர்ல எப்போ திறக்குது, சொல்லுங்க" என்றான் ராய்ஸ். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். ஃப்ளோரிடாவின் தென்கோடியில் மார்ச் தொடக்கம். மாநில எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மிசிசிப்பியில் மார்ச் நடுவில். நம்ம டென்னசியில் ஏப்ரல் முதல் சனி. மிசௌரிக்காரன் ஏப்ரல் பாதி தாண்டித்தான் தொடங்குவான், பகல் ஒரு மணிக்குத் துப்பாக்கியை உறையில் போட்டுவிடணும். மெய்ன் பக்கம் மே மாதம். வெயில் எந்த வேகத்தில் வடக்கே நடக்கிறதோ அந்த வேகத்தில் சீசனும் நடக்கும். நெஞ்சில் மயிர்த் தாடி தொங்கினால் நம்ம பக்கம் பெட்டையையும் சுடலாம்; மிசிசிப்பியில் தாடி இருந்தும் பெட்டை என்றால் மாட்டிக்கொள்வாய்.

கடையே வாயைப் பிளந்தது. ஒருவன் மட்டும், "இந்த வருஷம் நம்ம தேதிய ஏதோ மாத்தறதாப் பேச்சு வந்துச்சே?" என்றான். ஒவ்வொரு வருஷமும்தான் பேசுகிறார்கள் என்றேன். எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்! என் குரலைக் கேட்டு எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

மார்ச் 15, புதன்

டெல்மர் போன் செய்தான். இமொஜீனின் தம்பி, மிசிசிப்பிப் பக்கம் இருக்கிறான், இங்கிருந்து பதினோரு மைல். "மச்சான், எங்க பக்கம் இன்னிக்குத் திறந்தாச்சு. ஏழு மணிக்கே ஒண்ணு விழுந்துருச்சு. நீங்க வீட்டுல உக்காந்து துப்பாக்கிக்கு எண்ணெய் போடுங்க" என்றான்.

பதினோரு மைல்தான். அங்கே அது கறி. இங்கே அது இன்னும் பறவை.

மார்ச் 18, சனி

தூண்டில் சாமான் கடைக்குப் போய் இந்த வருஷத்து விதிப் புத்தகத்தை எடுத்து வந்தேன். கடைக்காரர், "இது ஒண்ணு போதுமா?" என்றார். தலையாட்டினேன். எனக்குப் பதில் தெரியாத கேள்விக்கெல்லாம் தலையாட்டல்தான். அட்டையில் ஓடைக்குள் நிற்கும் ஒரு ஆள், கையில் மீன். வான்கோழிப் புத்தகத்துக்கு மீன் படம் போட்டவன் எப்பேர்ப்பட்ட மடையன் என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் இமொஜீன் படித்துச் சொன்னாள். வருஷா வருஷம் நடக்கும் சடங்கு இது. விரலை நாக்கில் தொட்டு, பக்கத்தைத் திருப்பி, கோயில் பிரசங்கம் மாதிரி வாசிப்பாள். ஏப்ரல் ஒன்று, சனி. விடியலுக்கு அரைமணி முன்னாலிருந்து சூரியன் விழும்வரை. ஒரு நாளைக்கு ஒரு பறவை. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. என்ன குரல்!

மார்ச் 25, சனி

காப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினாள். கோப்பை நகர்ந்துவிட்டதாம். கோப்பைக்குக் கால் முளைத்ததை இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

ஏப்ரல் 1, சனி

எங்கே தொடங்குவது?

சாசேஜ் வைத்த ரொட்டி இரண்டை இமொஜீன் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். இருட்டு விலகும் முன்பே காட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அங்கே ஒரு வண்டிகூட இல்லை. மற்ற வருஷங்களில் திறப்பு நாளன்று ஆறேழு நிற்கும், எனக்கு இடம் கிடைக்காது, எரிந்து விழுவேன். இன்று நான் மட்டும். இந்தக் காலத்து ஆட்களுக்குத் தூக்கம்தான் பெரிசு, வேட்டைக்காரன் என்று மிச்சம் இருப்பது இந்த ஹாலிஸ்தான் என்று நினைத்துக்கொண்டேன். சத்தமாகச் சொல்லியும் பார்த்தேன். கேட்க ஆள் இல்லாதது வருத்தம்.

ஓக் மரமேட்டில் ஒரு வான்கோழிச் சேவல் கத்தியது. கையடக்க மரப்பெட்டியின் மூடியை உரசிப் பெட்டைக் குரல் கொடுத்தேன். மூன்று தடவை. பதில் சொல்லிக்கொண்டே நடந்து வந்தது, வாலை விசிறியாக விரித்து, மாப்பிள்ளை மாதிரி. முப்பது தப்படி. சுட்டேன். மரத்தில் பட்டது. சேவல் மிசிசிப்பியைப் பார்த்து ஓடியது. எழுபத்துநாலு வருஷத்தில் நான் செய்த நல்ல காரியங்களில் முதலாவது அந்தக் குறி தவறியதுதான். அப்போது தெரியவில்லை.

திரும்பி வந்தால் என் வண்டிக்குப் பின்னால் வனக்காவலர் வண்டி. பெக்கம் என்கிற பெண், முப்பது வயது இருக்கும். நிதானமாகக் கேட்டாள்: "காலை வணக்கம் ஐயா. ஏதாச்சும் விழுந்துச்சா?"

"ஒரு மரம்."

"சீசன் திறக்க இன்னும் பதினாலு நாள் இருக்கே ஐயா. பறவை குறைஞ்சுபோச்சுன்னு இந்த வருஷம் தள்ளி வெச்சாச்சு. பெட்டைங்க முட்டையிட ரெண்டு வாரம் கூடுதலாக் குடுத்திருக்கு."

"யாரு சொன்னது? புத்தகத்துல ஏப்ரல் ஒண்ணுன்னு இருக்கு!"

"அது தெரியல ஐயா. காலையிலேர்ந்து ரெண்டு பேர ரோட்டுலயே திருப்பி அனுப்பினேன். யாரு சொன்னதுன்னு கேட்டா, ரெண்டு பேருமே உங்க பேரத்தான் சொன்னாங்க."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வண்டிக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள்.

"ஐயா, இது மீன் புத்தகம்."

"வான்கோழி உள்ளே இருக்கும்."

"முழுசும் மீனுதான் ஐயா. தூண்டில், வலை, ஏரி... மீன்." அவள் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. மெதுவாக, "கண்ணாடி கொண்டு வரலியா?" என்றாள்.

எனக்கு அவள் திறந்துவிட்ட கதவு அது. அறுபது வருஷமாக நான் சொல்லும் அதே பொய், எடுத்துக்கோ என்று நீட்டினாள். ஆமாம், வீட்டில் வைத்துவிட்டேன் என்றேன். நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி ஒரு தாள் கொடுத்தாள். என் பெயரை வரைந்து கொடுத்தேன்.

பாதி வழியில்தான் உறைத்தது. வண்டியை ஓரம்கட்டினேன். எனக்குப் படிக்கத் தெரியாது, சரி. ஆனால் இமொஜீன்? பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவள். அவள்தானே இதைப் படித்தாள்? இந்த மீன் புத்தகத்தை. விரலை நாக்கில் தொட்டு.

உப்பு. காப்பி.

ஏப்ரல் 2, ஞாயிறு

நேற்று அவளிடம் கேட்க முடியவில்லை. இன்று காலை புத்தகத்தை அவள் மடியில் வைத்து, "அட்டையில என்ன படம், சொல்லு" என்றேன்.

தடவிப் பார்த்தாள். "வான்கோழி."

"இமொஜீன்."

"...மானா?"

சிரிப்பு வந்தது, அப்புறம் வேறு என்னவோ வந்தது. ரெண்டு வருஷமாகிறதாம். நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு கறுப்பு, ஓரங்கள் மட்டும் தெரியுமாம். "உன் மூஞ்சிய நேரா பாத்தா ஒண்ணும் தெரியாது. பக்கத்துச் செவுத்தப் பாத்தா உன் காது தெரியும். பெரிய நஷ்டம் ஒண்ணும் இல்ல" என்றாள்.

"போன வருஷம்?"

"போன வருஷமும் படிக்கல. அதுக்கு முன்ன படிச்சத அப்படியே ஒப்பிச்சேன். கிழமைய மட்டும் எண்ணிப் பாத்துக்கிட்டேன். தேதிய மாத்துவானுங்கன்னு நான் கனவா கண்டேன்?"

"ஏன்டி சொல்லல?"

"நீ சொன்னியா? கல்யாணம் ஆகி மூணு மாசம் செய்தித்தாளத் தெனமும் முகத்துக்கு நேரா விரிச்சு வெச்சுட்டு உக்காந்திருந்தியே. ஒருநாள் நானாத்தானே கண்டுபிடிச்சேன்?" புத்தகத்தை என் கையில் திருப்பி வைத்தாள்: "உன் மருந்து பாட்டில், டாக்டர் கடிதாசி, எல்லாத்துக்கும் என் கண்ணுதான்யா இந்த வீட்டுல இருந்துச்சு. அதுவும் இல்லன்னு சொன்னா நீ பயந்துருவ."

நான் பயப்படவில்லை என்றேன். பயந்துதான் போயிருக்கிறேன். என் வித்தையை என் மேலேயே காட்டியிருக்கிறாள், என்னைவிட நன்றாக.

ஏப்ரல் 3, திங்கள்

மருந்து பாட்டில்களை எல்லாம் மேசையில் வைத்துப் பார்த்தேன். வெள்ளை மாத்திரை அவளுக்கு, நீலம் எனக்கு. அல்லது மாற்றி. இரண்டு பேரும் இன்னும் உயிரோடு இருப்பதால் சரியாகத்தான் போட்டிருக்கிறோம்.

ஏப்ரல் 6, வியாழன்

கண் டாக்டர். போனது திரும்பாதாம். மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாமாம். அவள் தலையாட்டினாள், நான் தலையாட்டுவது மாதிரியே.

ஏப்ரல் 8, சனி

ராய்ஸின் கடைக்குள் நுழைந்ததும், "அண்ணே, கிறிஸ்துமஸ் இந்த வருஷம் என்னிக்கு? உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் மரம் வாங்கணும்" என்றான். கடை குலுங்கியது. முடிவெட்டாமல் வந்துவிட்டேன்.

டெல்மரும் போன் செய்தான்: "மச்சான், ஏப்ரல் ஒண்ணாந்தேதி ஊரே சேர்ந்து ஒருத்தன முட்டாளாக்குவாங்க. நீங்க தனியா ஊரையே ஆக்கிட்டீங்களே." தாளில் எழுதி வைத்துப் படிக்கிறானோ என்னவோ.

ஏப்ரல் 12, புதன்

நீதிபதி, வயதானவர், கேட்டார்: "ஏப்ரல் ஒண்ணுன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

வரும்போதே யோசித்துக்கொண்டு வந்தேன். கண்ணாடியை மறந்தேன் என்று சொன்னால் என் மானம் தப்பும். அப்போ வீட்டில் எடுத்துப் படித்திருக்கலாமே என்பார். மனைவி படித்துச் சொன்னாள் என்றால் அவள் கண் விஷயம் சந்திக்கு வரும். அதை மறைக்க அவள் ரெண்டு வருஷம் பட்ட பாடு எனக்குத் தெரியும். எனக்கில்லாமல் யாருக்குத் தெரியும்?

"யாரும் சொல்லலீங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. என் பேர மட்டும் வரைவேன்."

பின்னால் ராய்ஸ் உட்கார்ந்திருந்தான், வேறு ஏதோ வழக்குக்காக. நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

அப்புறம் இன்னொரு நாற்காலி. இமொஜீன் எழுந்து நிற்கிறாள், நீதிபதிக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஐயா, அவரு பொய் சொல்றாரு. படிக்கத் தெரியாதது நெசம். ஆனா வாசிச்சது நான். மீன் புத்தகத்த. எனக்குக் கண்ணு தெரியல."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ இங்க வண்டி ஓட்டிட்டு வந்தது யாரு?"

"அவருதான். போர்டைப் படிக்க மாட்டாரு. வழி தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள், பெக்கமும்தான். நானும் சிரித்தேன். சீசன் முடியும்வரை வேட்டை லைசென்ஸ் கிடையாது என்று தீர்ப்பு. இந்த வசந்தம் போயிற்று. வெளியே வந்ததும் பெக்கம் சரியான புத்தகத்தைக் கையில் கொடுத்தாள், ஒரு தாளையும். நூலகத்தில் திருமதி ஸ்பென்ஸ் என்று ஒருவர் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறாராம். புத்தகத்தின் அட்டையில் வான்கோழி.

ஏப்ரல் 15, சனி

உண்மையான திறப்பு நாள். வாசல்படியில் உட்கார்ந்து மற்றவர்கள் சுடுவதைக் கேட்டேன். மூன்று வெடி. மூன்றையும் எண்ணிவிட்டு இமொஜீன், "ஒருத்தனாவது மரத்தச் சுட்டிருப்பான்" என்றாள்.

ஜூன் 20, செவ்வாய்

திருமதி ஸ்பென்ஸ் கில்லாடி. இந்தப் பெட்டியில் நான் பேசியதையெல்லாம் தட்டச்சு செய்து, அதையே எனக்குப் பாடப் புத்தகமாக்கிவிட்டார். என் மடத்தனத்தை நானே எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். "மரம்" என்ற சொல்லை முதலில் கற்றேன். "மீன்" அடுத்தது.

நவம்பர் 9

இது நானே எழுதியது. கை வலி. போதும்.

மார்ச் 6

புதுப் புத்தகம் வந்தது. அட்டையை இரண்டு தடவை பார்த்தேன். இமொஜீனுக்குப் படிக்கத் தொடங்கினேன். இன்று ஒரு பக்கம்.

மார்ச் 9

மூன்றாம் பக்கம். ஒரு நீளமான சொல் வாயில் வரவில்லை. எதையோ சொல்லித் தாண்டினேன். "நில்லு. இப்போ நீயா ஒண்ணு சேர்த்த. திரும்பப் படி" என்றாள். எப்படித் தெரிந்தது என்றேன். "அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? அது என்னோட குரல்யா."

மார்ச் 12

"சீசன் முடியறதுக்குள்ள வான்கோழி வரைக்கும் வந்துருவியா?" என்கிறாள்.

மார்ச் 14

வந்துவிட்டேன். ஏப்ரல் பதின்மூன்று, சனி. விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தேன். பிறகு அவள் விரலை எடுத்து அங்கே வைத்தேன்.

ஏப்ரல் 13, சனி

இமொஜீனும் வந்தாள், கம்பளி போர்த்தி, காப்பி பிளாஸ்குடன். கூடவே வந்து பார்த்தால்தான் நம்புவாளாம். காட்டு வாசலில் வண்டியைத் திருப்பினேன். விளக்குகள், கதவு சாத்தும் சத்தங்கள்.

"எத்தனை வண்டி?" என்றாள்.

"ஏழு. எனக்கு நிறுத்த இடமே இல்ல."

திட்டுவேன் என்று காத்திருந்தாள். நான் வண்டியைப் பள்ளத்தில் ஒரு பக்கமாகச் சாய்த்து நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை எண்ணினேன். ஏழுதான்.