ரிமினி கடலில் யார் யாரைக் காப்பாற்றியது?

அன்புள்ள கொன்செத்தா,

நீயும் பிள்ளைகளும் நலந்தானே? உன் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு லேசான ஜலதோஷம் மட்டும்தான்.

நான் காவல் காக்கும் ஓட்டலில் இப்போது ஒரு நார்வேக்கார அம்மாள் மட்டுமே தங்கியிருக்கிறார். நேற்று ஆளில்லாத கடற்கரையில் உடையைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். இந்த ஜனவரிக் குளிரில் நம்மவர்கள் யாராவது கடலில் கால் நனைப்பார்களா? சாகத்தான் போகிறார் என்று கோட்டும் பூட்ஸுமாகப் பாய்ந்தேன். அலை என்னைப் புரட்டிவிட்டது. அவர்தான் என்னைக் கரைக்கு இழுத்துவந்தார்.

"உனக்கு என்னப்பா கஷ்டம்? இதுக்குப் போய் உசுரை விடுவாங்களா?" என்று அழுதார்.

"நான் உங்களைக் காப்பாத்தத்தாம்மா வந்தேன்!"

"நீச்சல் தெரியாமலா?"

குளிர்காலத்தில் கடலில் குளிப்பது அவர் ஊரில் வழக்கமாம். நான் சொன்னதை அவர் நம்பவேயில்லை. மூன்று வேளையும் தன் மேஜையில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்கிறார். யார் யாரைக் காப்பாற்றியது என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது, ஆனாலும் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

கம்பளிக் காலுறை அனுப்பு. ஞாயிறன்று அவர் ஊருக்குப் போகிறார். அன்று நான் தனியாகத்தான் சாப்பிடுவேன், அந்த நேரத்தில் போன் செய். தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

பிள்ளைகளின் நனைந்த அப்பா,
சவேரியோ