போகியில் போன காகிதம்

ஜனவரி 6, திங்கள்

பால் இரண்டு பாக்கெட். கொத்தமல்லி விலை கேட்டேன், வாங்கவில்லை.

இன்று வலது கால் மெட்டியைக் கழற்ற வேண்டியதாகிவிட்டது. அவ்வளவு வீக்கம். சோப்புத் தண்ணீர் போட்டுத்தான் வந்தது. தாயே தாயே என்று சொல்லிக்கொண்டே கழற்றினேன். நல்லவேளை, இவர் பார்க்கவில்லை. பெங்களூர் வேலைக்குக் காலை ரயிலிலேயே போய்விட்டார்.

ஒன்பது வருஷமாக என்னோடு இருக்கிற லூபஸ் வியாதி இப்போது கிட்னிக்கு வந்துவிட்டது என்று பெங்களூர் டாக்டரம்மா சுமா போன மாதம் சொன்னார். என் ரத்தமே என் உடம்பை எதிரி என்று நினைத்து அடிக்கிறதாம். எதற்கு? நான் என்ன செய்தேன் அதற்கு? அடுத்த தடவை வரும்போது பழைய காகிதங்களை எல்லாம் தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுவரச் சொன்னார். அதைப் பார்த்த பிறகுதான் புது மருந்து.

ஜனவரி 8, புதன்

கட்டிலுக்கு அடியில் இருந்த துணிக்கடைப் பைகளைக் கூடத்தில் கொட்டினேன். ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, எக்ஸ்ரே, சீட்டுகள். வருஷம் வருஷமாகப் பிரித்து, கே.ஜி.எஃப். ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் வாங்கிய ஃபைலில் துளைபோட்டுக் கோத்தேன். ஒவ்வொரு தாளின் மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்தேன். வீட்டுக் கணக்கு நோட்டுக்கு வைக்கிறவள், உடம்புக் கணக்குக்கு வைக்கக் கூடாதா?

ஷோபா காலேஜிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, டாக்டருக்கு ரிப்போர்ட் குடுக்கறியா, கல்யாணப் பத்திரிகை வைக்கிறியா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளுக்கு நான் இருக்க வேண்டும். அவள் கல்யாணத்துக்காவது இருக்க வேண்டும்.

எட்டாவதோடு நின்றவள் நான். மாத்திரை அட்டைகளை எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் இங்கிலீஷ் வந்தது. இன்று பாதிக்கு மேல் எனக்கே புரிந்தது. புரிந்ததால்தான் பயம் கூடிவிட்டது. கிட்னி எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் ஒவ்வொரு தாளிலும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுகிறது.

ஜனவரி 10, வெள்ளி

ஒரே ஒரு கட்டைக் கோக்காமல் தனியாக வைத்திருக்கிறேன். 2016, அந்த நர்சிங் ஹோம் காகிதங்கள்.

இந்த வியாதி என்று முதன்முதலில் கண்டுபிடித்து டாக்டர் பர்னபாஸ் மருந்து கொடுத்த கொஞ்ச நாளில் அது நடந்தது. காய்ச்சல், வாயெல்லாம் புண், முதுகுத் தோல் படுக்கை விரிப்போடு ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது. பிழைக்க மாட்டாள் என்று மாமியார் வீட்டில் ஊருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாவற்றையும் நிறுத்திய பிறகுதான் கண் திறந்தேன். அதற்கப்புறம் எந்த டாக்டரும் எனக்குப் பெரிய மருந்து கொடுத்ததில்லை.

அந்தக் கட்டைக் கையில் எடுத்தால் இன்னும் அந்த டெட்டால் வாசனை வருகிறது. இதைப் போய் நல்ல காகிதங்களோடு எப்படிச் சேர்ப்பது? இதற்குக் குங்குமம் வைக்கக் கை வரவில்லை.

ஜனவரி 13, திங்கள். போகி

விடிவதற்கு முன்பே தெருவில் எல்லோரும் கொளுத்திவிட்டார்கள். பழைய பாய், துடைப்பம், கிழிந்த தலையணை. அதோடு அந்த 2016 காகிதக் கட்டையும் போட்டேன். பீடை இந்த வீட்டை விட்டுப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நடந்து முடிந்ததுதானே, புது டாக்டருக்கு அது எதற்கு. எக்ஸ்ரே பிலிம் மட்டும் சுருண்டு சுருண்டு எரிந்தது.

மனசு லேசாக இருக்கிறது. கால் வீக்கம்கூடக் குறைந்த மாதிரி.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் கிழக்குப் பக்கம் பொங்கியது.

ஜனவரி 22, புதன்

எங்கிருந்து எழுதுவது.

டாக்டரம்மா ஃபைலைப் புரட்டிவிட்டு, இவ்வளவு சுத்தமாக யாரும் கொண்டுவந்ததில்லை என்றார். குங்குமத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு 2016 எங்கே என்று கேட்டார்.

இல்லை என்றேன். அப்போது தோல் உரிந்த கதையை மட்டும் சொன்னேன்.

அந்தக் கட்டுதான் ரொம்ப முக்கியமாம். இப்போது அவர் கொடுக்க நினைப்பது அசாதியோப்ரின் என்ற மாத்திரை. அன்றைக்குத் தோல் உரிந்ததென்றால் இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும், ஒன்று தொற்று வராமல் இருக்கக் கொடுக்கிற சல்ஃபா மாத்திரை, இல்லை இதே அசாதியோப்ரின், இரண்டையும் சேர்த்து ஆரம்பிப்பது வழக்கம் என்றார். சல்ஃபாவாக இருந்தால் பயமில்லை, அசாதியோப்ரினை நாளைக்கே தொடங்கலாம். இதுவாக இருந்தால் ஒரு மாத்திரைகூடத் தொடக்கூடாது. இரண்டாவது தடவை அப்படி உரிந்தால் உடம்பு தாங்காது. எது என்று தெரிந்துகொண்டு இரண்டு வாரத்தில் வாருங்கள், கிட்னி அதற்கு மேல் காத்திருக்காது என்றார்.

தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். எரித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ரயிலில் இவர் பேசிக்கொண்டே வந்தார், என் காதில் ஒன்றும் விழவில்லை.

நானே என்னைக் கொளுத்திக்கினேனா?

ஜனவரி 23, வியாழன்

காலையில் இவரிடம் சொல்லிவிட்டேன். ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கரண்ட் பில்லு இருபது வருசத்துக்கு வச்சிக்கினு இருக்கே. உன் உசுரு பேப்பர எரிச்சியா?"

ரயிலை விட்டுவிட்டார். இன்று வேலைக்குப் போகவில்லை.

2016 கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். கீரை வாங்கினால்கூட எந்தக் கீரை என்று எழுதியிருக்கிறேன். மருந்துக்கு, மருந்து என்று மட்டும். அப்போது எனக்கு அந்த அட்டையைப் படிக்கத் தெரியாது. மருந்து வாங்கிய கடையும் இப்போது இல்லை, மொபைல் கடையாகிவிட்டது. நர்சிங் ஹோம் எப்போதோ மூடியாயிற்று, அங்கே டியூஷன் நடக்கிறது. இவர் போய்க் கேட்டுவிட்டு வந்தார். பழைய ரிக்கார்டுகளை எடைக்குப் போட்டுவிட்டார்களாம்.

எனக்கு நினைவிருப்பது மாத்திரை கசந்தது என்பது மட்டும்தான். எந்த மாத்திரைதான் கசக்காது?

ஜனவரி 25, சனி

சாம்பியன் ரீஃப் சுரங்கக் குடியிருப்பில் ஆனி வீட்டுக்குப் போனோம். அந்த நர்சிங் ஹோமில் நர்ஸாக இருந்தவள், அப்போது எனக்கு மருந்து தடவியவள். என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள். "இன்னாக்கா, நீ இன்னும் கீறியா? வேகவச்ச உருளைக்கிழங்கு மாதிரி உரிஞ்சிக்கினு கெடந்த நீ" என்றாள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

எந்த மாத்திரை என்று கேட்டேன். ரொம்ப நேரம் கண்ணை மூடி யோசித்தாள். எனக்குள் ஏதோ எழுந்து நின்றது.

"தெரியலக்கா. ஏதோ ஒண்ணு சொல்லிடலாம். ஆனா உன் உசுருல பொய் சொல்ல மாட்டேன்."

டாக்டர் பர்னபாஸ் வயதாகி, மகனோடு வெளியூர் போய்விட்டாராம். எந்த ஊர் என்று தெரியாது. சர்ச்சில் பழைய ஆட்களிடம் விசாரித்துப் பார்க்கிறேன் என்றாள். டீயில் சர்க்கரை அதிகம், குடித்துவிட்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

சிறுநீரில் நுரை. பக்கெட்டில் சோப்பு கரைத்த மாதிரி. பார்க்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்தும் பார்க்கிறேன்.

ஆனியிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஜனவரி 31, வெள்ளி

கேட்க வேறு யாரும் இல்லை. அம்மனைத்தான் கேட்க வேண்டும்.

மாரியம்மன் கோவிலில் பூ போட்டுக் கேட்டேன். ஒரு வாழை இலைத் துண்டில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் சிவப்பு அரளி. வெள்ளை வந்தால் அன்று தோலை உரித்தது சல்ஃபா, சிவப்பு வந்தால் இந்த அசாதியோப்ரின் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பூசாரி இரண்டையும் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் வைத்தார். யாரோ ஒரு பெண்ணின் இடுப்பில் இருந்த குழந்தையை இறக்கி எடுக்கச் சொன்னோம். அது ஒன்றை எடுத்து நேரே வாயில் வைக்கப் போனது. பிடுங்கிப் பிரித்தேன்.

வெள்ளை.

இவர் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர். "அம்மாவே சொல்லிட்டா. முடிஞ்சிது."

எனக்கும் சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறதா?

பிப்ரவரி 3, திங்கள்

டாக்டரிடம் சல்ஃபா என்று சொல்லிவிடு, பழைய டாக்டரைப் பிடித்துக் கேட்டோம் என்று சொல் என்கிறார் இவர். பூ விஷயத்தைச் சொன்னால் சிரிப்பார்களாம். அம்மா மேல் உனக்கு நம்பிக்கை இல்லையா என்று கேட்டார்.

நம்பிக்கை இல்லாமலா இத்தனை வருஷம் ஆடி மாசம் கூழ் ஊற்றினேன், தீச்சட்டி எடுத்தேன். ஆனால் மாத்திரையை முழுங்கப் போவது நான். தோல் உரிந்தது எனக்கு. சாமி மேல் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. சந்தேகப்படாமல் முழுங்குவதை நினைத்தாலும் பயம்தான்.

தாயே, நீ சொன்னியா, இல்ல அந்தக் கொழந்த கைக்கு எது கெடச்சிதோ அதுவா?

இப்படி எழுதுவதே பாவம். அடித்துவிடலாமா? வேண்டாம். இருக்கட்டும்.

பிப்ரவரி 5, புதன்

ரயிலில் வழியெல்லாம் சல்ஃபா, சல்ஃபா என்று சொல்லிப் பழகிக்கொண்டே போனேன். டாக்டரம்மா பேனாவை எடுத்து, தெரிந்ததா என்று கேட்டார். இவர் என் காலை மெல்ல மிதித்தார்.

என் வாயில் வந்தது வேறு. பேப்பர் தொலையவில்லை, நான்தான் போகியில் எரித்தேன் என்றேன். யாருக்கும் தெரியவில்லை, கோவிலில் பூ போட்டுப் பார்த்தேன், சல்ஃபா என்று வந்தது என்றேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவர் கன்னடக்காரர், தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும்.

"எத்தனை தடவை பூ போட்டீங்க?"

"ஒரே தடவைதான்."

"ஒரு தடவை எனக்குப் போதாதும்மா. நான் ரத்தமே ரெண்டு தடவை எடுத்துப் பார்க்கிறவ."

பேனாவை மூடி வைத்தார். தெரியாது என்பதும் எனக்கு ஒரு தகவல்தான் என்றார். இரண்டு மாத்திரையும் வேண்டாம். மாதம் ஒரு தடவை படுக்க வைத்து டிரிப்பில் ஏற்றுகிற மருந்து இருக்கிறது, ஆறு மாதம். வாந்தி வரும், முடி கொட்டும், கூட்டத்துக்குள் போகக் கூடாது. கஷ்டமான வழி, ஆனால் இதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றார்.

வெளியே வந்ததும் இவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். சல்ஃபா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டிலேயே மாத்திரையோடு முடிந்திருக்கும். அம்மனையும் அவமானப்படுத்தினேன், இவரையும். நான் செய்தது சரியா? யாரைக் கேட்பது?

பிப்ரவரி 13, வியாழன்

முதல் டிரிப் ஏறியது. இவர் வாந்திக்குப் பாத்திரம் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. விரதம் இருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், சாப்பிட்டேன். கோவிலுக்கும் போகவில்லை. கூட்டம் கூடாது என்பது ஒரு சாக்கு. அம்மன் முகம் பார்க்கத் தைரியமில்லை என்பதுதான் நிஜம். தலை சீவினால் சீப்பு நிறைய முடி வருகிறது.

மார்ச் 9, ஞாயிறு

மத்தியானம் ஆனி போன் செய்தாள். சர்ச்சில் யாரோ மூலமாக டாக்டர் பர்னபாஸின் மகன் நம்பர் கிடைத்துவிட்டது. கோயம்புத்தூரில் இருக்கிறார்களாம். இவர்தான் போன் போட்டார், ஸ்பீக்கரில். பெரியவர் குரல் மெலிந்துவிட்டது, காது சரியாகக் கேட்கவில்லை. இவர் கத்திக் கத்தி என் பெயரைச் சொன்னார், கே.ஜி.எஃப். பத்மா, தோல் உரிந்த பத்மா என்று.

"பொழைச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் பெரியவர்.

தோலை உரித்தது சல்ஃபாவா, அசாதியோப்ரினா என்று இவர் கேட்டார்.

"அசாதியோப்ரின். அதேதான், சந்தேகமே இல்ல. சல்ஃபா உங்களுக்கு நான் ஆரம்பிக்கவே இல்ல. உங்களுக்கு அப்புறம் அந்த மாத்திரைய நான் யாருக்குமே எழுதலம்மா. எழுதக் கை வரல."

இவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அடுப்பில் குழம்பு தீய்ந்த வாசனை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். ஃபைல் முதல் பக்கத்தில் சிவப்பில் பெரிதாக எழுதச் சொன்னார். ஷோபா இங்கிலீஷிலும் கன்னடத்திலும் எழுதினாள், கீழே நான் தமிழில் எழுதினேன். அசாதியோப்ரின் ஆகாது.

இவர் சாயந்திரம் வந்து, ஷூவைக் கழற்றாமலே கேட்டார். "அம்மா இன்னாத்துக்கு பத்மா அப்படிச் சொன்னா?"

காபி போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 17, திங்கள்

ரிப்போர்ட் வந்தது. சிறுநீரில் புரதம் பாதியாகக் குறைந்திருக்கிறது. இரண்டு டிரிப் முடிந்தது, இன்னும் நான்கு இருக்கிறது. பயம் போகவில்லை. ஆனாலும் நேற்று இரண்டு தோசை சாப்பிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, மதியம் நடை சாத்துவதற்கு முன் கோவிலுக்குப் போனேன். மாஸ்க் போட்டு, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு. பூசாரி அடையாளம் கண்டுகொண்டார். பூ போட்டுப் பார்க்கணுமா என்று கேட்டார்.

"வேணாம் சாமி. சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கோபமாகப் பேச வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். மன்னிப்பு கேட்க வேண்டும் என்றும் நினைத்திருந்தேன். அம்மன் எதிரில் உட்கார்ந்ததும் இரண்டும் வரவில்லை. தூணில் சாய்ந்து கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

கிளம்பும்போது பூசாரி ஒரு முழம் மல்லிகை கொடுத்தார். வைத்துக்கொள்ளத் தலையில் முடி இல்லை. மடியில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.