வெளுத்த நாற்று

புதுவாயல்,
தை, 2005

அன்புள்ள தனபாக்கியத்துக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? பசு ஈன்றுவிட்டதா?

போன மாதம் இங்கே சின்ன சச்சரவு. நான் தண்ணீர் தெளிக்கும் நெல் ஆராய்ச்சிக்கூடத்தில், நாற்றுத் தட்டில் நடுநடுவே வெள்ளை நாற்று முளைத்திருந்தது. வயலில் செய்வதுபோல் வெளுத்ததை எல்லாம் பிடுங்கிப் போட்டேன்.

ஆய்வு செய்யும் கிறிஸ்டினா ஓடிவந்தாள். “இன்னா பெருசு, இப்டி பண்ணிக்கினு நிக்கற? அந்த வெள்ளைக்கோசரம்தானே வெதச்சோம்!”

மேனேஜர் வேலையை விட்டு ஊருக்குப் போகச் சொன்னார். “வெளுத்தது எதுக்குன்னு யாரும் எங்கிட்ட சொல்லலையே. சொல்லுங்க, அப்புறம் போறேன்” என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கிறிஸ்டினாதான் சொன்னாள். இலைக்குப் பச்சை நிறம் தருகிற பசுங்கணிகத்தை வளரச் செய்யும் மரபணுக்கள் நெல்லில் உண்டாம். அதில் ஒன்று பழுதானால், நாற்று குளிரில் வெளுக்கும். சூட்டில் வரும் புது இலை பச்சையாகும். பழுதானது எது என்று கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு பாடு.

மிச்ச விதையை நானே விதைத்தேன். மறுபடி வெள்ளை முளைத்திருக்கிறது. இப்போது குளிர் அறையிலிருந்து வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். விதையின் சத்து தீர்வதற்குள் பச்சை வராவிட்டால் நாற்று செத்துவிடும். இது பிழைத்தால்தான் எனக்கு வேலை என்கிறார் மேனேஜர்.

நார்த்தங்காய் ஊறுகாயும் கம்பளியும் அனுப்பு. தெருவில் யார் யாரோடு சண்டை என்பதையும் விடாமல் எழுது.

என்னை அழைத்துப்போக நம் மகன் கிளம்புகிறானாமே? வரவேண்டாம் என்று சொல். பச்சை வருவதைப் பார்க்காமல் நான் இடத்தை விட்டு அசைய மாட்டேன்.

தண்ணீர் தெளிக்க நேரமாகிவிட்டது.

பக்கிரிசாமி