போதை வியாபாரியின் கைகள்

அன்புள்ள மகனுக்கு,

நான் போதைப்பொருள் விற்பதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். மூன்று பொட்டலங்கள் மடித்தேன், அவ்வளவுதான். உள்ளே இருந்தது மைதா மாவு.

உன் முந்தைய படத்தில் வந்த தாதா, இளவயதில் இந்தத் தொழிலில் எப்படி முன்னுக்கு வந்தான் என்று இப்போது எடுக்கிறாயாம். அதற்காக, வீட்டின் முன்பக்கம் பூட்டிக் கிடக்கும் உன் அப்பாவின் மருந்துக்கடையைக் கேட்டு உதவியாளரை அனுப்பினாய். கொடுத்தேன். ஆனால் உன் கதாநாயகன் மடித்த லட்சணத்தில் மாவெல்லாம் அவன் மடியிலேயே கொட்டியது.

"தம்பி, இப்படி மடிச்சா உன் சரக்கை எறும்புதான் வாங்கும்" என்றேன்.

முப்பது வருடம் அப்பாவுக்கு மருந்துப் பொடி மடித்தவள் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? மடித்துக் காட்டினேன். வாசலில் நின்ற வேனுக்குள் திரையில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த உன் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "அந்தக் கையையே எடுங்கப்பா. கிளவுஸ் போட்டுவிடுங்க. முகம் வேணாம்."

வீடுவரை வந்தவர் உள்ளே வந்து பேச வேண்டும் என்றுதான் நான் படித்த கான்வென்ட்டில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். அப்பா போன பிறகு இந்தப் படியை மிதிக்காத நீ, படப்பிடிப்பு நடந்த மூன்று நாளும் வேனைவிட்டு இறங்கவில்லை. நான் கொடுத்தனுப்பிய காபி டம்ளர் மட்டும் காலியாகத் திரும்பி வந்தது.

உன் கதையில் தாதாவாகப்போகும் அந்தப் பையனின் அம்மா இரண்டாவது காட்சியிலேயே செத்துவிடுவாளாம். "கதைக்குத் தேவைப்படுதும்மா" என்றார் உதவியாளர். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அவளைச் சாகடித்தே ஆக வேண்டுமா என்று உன் கைப்பட எனக்குப் பதில் எழுது.

இன்னும் உயிரோடிருக்கும்
உன் அம்மா