இரவல் நாற்காலிகள்

16-6-1974, ஞாயிறு

ரஹீம் பாயோடு இன்று திருவிடந்தை போயிருந்தேன். பாய் நடத்தும் கல்வி நிதியில், காலேஜில் சேர உதவி கேட்டிருக்கும் செல்வியின் வீட்டைப் பார்க்க. பணம் தருவதற்கு முன் வீட்டைப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

குடிசைதான். ஆனால் உள்ளே இரண்டு நல்ல நாற்காலி, ஒரு ரேடியோ. வசதி இருக்கிறதே, இவர்களுக்கு எதற்கு உதவி என்று எனக்கு எரிச்சல் வந்தது. செல்வியின் அம்மா ஆளுக்கொரு கலர் சோடா கொடுத்தாள்.

அந்த நேரம் எதிர்வீட்டுக்காரி வந்து, "யக்கா, அவுரு நியூஸ் கேக்கணுமாம், ரேடியோவ குடு" என்றாள். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. செல்வி சிரித்துவிட்டாள்.

"நீங்க குந்திகினு கீற சேரும் அவங்களுதுதான் சார். பெரிய மனுசங்க வர்றாங்கோ, தரையில குந்த வச்சா மரியாதையான்னு அம்மாதான் வாங்கியாந்துச்சு."

உண்மையையும் சொன்னாள், அம்மாவையும் விட்டுக்கொடுக்கவில்லை. பதினேழு வயதுதான் இருக்கும்!

பாய் எழுந்து தன் நாற்காலியைத் தானே தூக்கிப் போய் எதிர்வீட்டில் வைத்துவிட்டு வந்தார். தரையில் உட்கார்ந்து, "எந்த காலேஜும்மா?" என்றார். அவளுக்கு உதவி நிச்சயம்.

நாளை மத்தியானம் பாய் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறார். பக்கத்து வீட்டுப் பீங்கான் தட்டுகளை என் மனைவி கமலா இப்போதே வாங்கித் துடைத்து அடுக்கிவிட்டாள். திருப்பிக் கொடுத்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாய் தட்டைப் புகழ்ந்தால், அந்தப் பெண் மாதிரி சிரித்துக்கொண்டே சொல்ல எனக்கு வருமா?