அம்மாவின் சொந்த முடி

மெம்பிஸ், மார்ச் 9, ஞாயிறு காலை 7.10. அம்மாவின் முடி இழுத்தால் ஐம்பது மில்லிமீட்டர், விட்டால் இருபது.

அக்கா,

உன் கல்யாணத்துக்குப் போட நீ அனுப்பிய விக் வந்தது. அம்மா அதைப் போடமாட்டாள். கறுப்புப் பெண்ணுக்கு வங்கி வேலை நிலைக்கவேண்டுமென்று நாற்பது வருஷம் சுருட்டை முடியை மருந்து போட்டு நேராக்கியவள், புற்றுநோய்க் கீமோவில் அது கொட்டி, மறுபடி முளைத்த பிறகுதான் தன் சுருளைப் பார்க்கிறாள்.

முன்பு ஞாயிறென்றால் அடுப்பில் முடியை நேராக்கும் இரும்புச் சீப்பு காயும். "காதை மடக்கிப் பிடிடி, சர்ச்சுக்கு நேரமாச்சு!" என்று உன்னை அதட்டுவாள். அந்தப் பொசுங்கல் வாடைக்கு இன்றும் ஏங்குகிறேன்.

இன்று கண்ணாடியில் பார்த்து முடியைத் தடவி, "எங்கடி போயிருந்தே இத்தனை நாளா?" என்றாள். பிறகு என்னிடம், "கல்யாணப் போட்டோவுல இப்படியே நின்னா உங்கக்கா கோவிச்சுக்குவாளாடா?"

செய்யப்போவது:

1. விக்கைத் திருப்பி அனுப்புவேன்.
2. நீ கோபிக்கமாட்டாய் என்று, உன்னைக் கேட்காமலே, அவளிடம் சொல்வேன்.
3. கார் ஜன்னல்களை முழுக்கத் திறந்துவிட்டு அவளைக் கல்யாணத்துக்கு அழைத்துவருவேன்.

உன் தம்பி